சோல்ஜர் மேட்டுச் சாயங்காலங்கள்

பகலெல்லாம் வெயில் அடித்த பிறகும் அந்தக் கல் மட்டும் சில்லென்றே இருக்கும். அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டால் செதுக்கிய எழுத்துகளின் பள்ளங்கள் தோலில் பதியும். பள்ளங்களில் தங்கியிருந்த செம்மண் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும். தும்மினால், பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும் அம்மா, "தூங்கறவன எழுப்பாதடி" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். தூங்குகிறவன் என்று அவள் சொன்னது கல்லுக்குக் கீழே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாயை.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், இன்று தொழிற்சாலைச் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்துக்குப் பின்னால், எங்கள் ஊர் ஏரியைத் தாண்டி அந்த மேடு இருந்தது. 'சோல்ஜர் மேடு' என்பார்கள். அதைச் சுற்றிக் கிடந்த பொட்டலுக்குக் 'கேம்பு' என்று பெயர். பெரிய சண்டை நடந்த காலத்தில் ஜப்பான்காரன் கடல்வழியாக வந்துவிடுவான் என்ற பயத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே வந்து இறங்கியதாம்; உழுதுகொண்டிருந்தவர்களை ஏரிக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, விளைநிலத்தின் நடுவில் விமானம் இறங்க ஒரு நீளப் பாதையைப் போட்டு, தகரக் கொட்டகைகளாகக் கட்டிக்கொண்டே போனார்களாம். அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்ன கதை இது. சண்டை எங்கேயோ நடந்தது, சாவு மட்டும் இங்கே வந்தது என்பார் அப்பா. ஏரிக் கொசு கடித்துக் காய்ச்சல் கண்டு செத்தவர்கள்தான் அதிகமாம். ஒவ்வொருவரைப் புதைக்கும்போதும் மேட்டிலிருந்து 'பிகில்' ஊதுகிற சத்தம் ஊருக்குள் கேட்குமாம். அது கேட்டால் களத்தில் வேலை செய்கிறவர்கள்கூடக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் குனிவார்களாம்.

சண்டை முடிந்து பட்டாளம் போனதும் கொட்டகைத் தகரமெல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தது. நிலம் திரும்பிக் கிடைத்தது. ஓடுபாதை மட்டும் எந்த ஏருக்கும் அசையாமல் கிடந்ததால், அதில் நெல்லும் வேர்க்கடலையும் காயப்போட்டார்கள். என் வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது அங்கேதான். கல்லறையைச் சுற்றியிருந்த சுவரின் செங்கல்கூட யார் யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கோ போய்விட்டது. கல்லறைக் கற்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பெரும்பாலும் சிமென்ட்டில் எழுத்துப் பதித்த சின்னச் சின்னக் கற்கள். கிழக்கு ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் வெள்ளைக் கல். நான் கன்னம் வைத்துப் படுத்தது அதன்மேல்தான்.

அந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில், கல் எதுவும் இல்லாமல், ஒரு நொச்சிச் செடியின் அடியில் என் தம்பி இருந்தான்.

அவன் பெயர் பழனி. எனக்கு நாலு வயதானபோது பிறந்தவன். அவனைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது பாதங்கள் மட்டுமே; தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிவந்த பாதங்கள். மூன்றாம் மாதத்தில், அடைமழைக்கு நடுவே, காய்ச்சல் கண்டு இழுப்பு வந்திருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்து ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை அறுந்து கிடந்தது. அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் அவனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போனவர், அப்படியே திரும்பி வந்தார். ஏரிக்கரையை ஒட்டியிருந்த ஊர்ச் சுடுகாடும் தண்ணீருக்கு அடியில் இருந்தது. எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். நனையாத மண் என்று ஊரில் மிச்சமிருந்தது சோல்ஜர் மேடு ஒன்றுதான். அப்பா மழையில் தனியாகப் போய்க் குழி தோண்டிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. யார் செத்தாலும் தெருக்கோடிக் குழாயடி வரைக்கும் அழுதுகொண்டு போய், அங்கே நின்று, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். தாயானாலும் அப்படித்தான். ஆனால் சோல்ஜர் மேடு சுடுகாடு இல்லையே. அது ஆடு மேய்கிற, விறகு பொறுக்குகிற மேடு. அங்கே போகாதே என்று அம்மாவிடம் சொல்ல யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. மழை விட்டு வழி தெரிந்த அன்றைக்கே போனாள். அதற்குப் பிறகு சாயங்காலத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரப் போகிற சாக்கில் ஏறக்குறைய தினமும் போனாள். தனியாக விட முடியாத வயது என்பதால் என்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு நானே முன்னால் ஓடினேன்.

வீட்டில் இருந்த அம்மா வேறு. அடுப்பு, சாணி, களை, தண்ணீர்க்குடம் என்று ஏதாவது ஒன்று அவள் கையில் இருந்துகொண்டேயிருக்கும். கூப்பிட்டால் திரும்பாமலே "இன்னாடி" என்பாள். மேட்டுக்கு வந்துவிட்டால் முந்தானையை உதறிவிட்டுக் கால் இரண்டையும் நீட்டி உட்காருவாள். என் தலையை மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்ப்பாள். மணிமங்கலத்தில் தான் பிறந்த வீட்டுக் கதையெல்லாம், தெப்பக்குளத்தில் தவறி விழுந்து மாமனிடம் அடி வாங்கியது வரைக்கும், சொல்லிச் சிரிப்பாள். செத்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி அப்படிச் சிரிக்க முடியுமா என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. எனக்கு மட்டுமான அம்மா கிடைக்கிற நேரம் அது, அவ்வளவுதான். பொழுது சாய ஆரம்பித்தாலே எனக்குக் கால் நிற்காது.

போகும்போது கையில் இரண்டு பூ எடுத்துக்கொள்வாள். ஒன்று நொச்சிக்கடியில், ஒன்று வெள்ளைக் கல்லின்மேல். எதிர்வீட்டுக் குப்பம்மா ஒருநாள், "அவன் யாரு எவன்னு தெரியாம இன்னாத்துக்குடி பூ வெக்கற? புடிச்சிக்கினு வந்துடப் போறான்" என்று பயமுறுத்தினாள். அம்மா சொன்ன பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"என் கொழந்தைக்குப் பக்கத்து வூட்டுத் தம்பி அவன், யக்கா. நான் வூட்டுக்கு வந்துட்டா அங்க வேற யாரு கீறாங்க? ஒரு ஆம்பள புள்ள பக்கத்துல கீதேன்னுதான் நான் இங்க வந்து தூங்கறேன்."

ஆறாம் வகுப்பில் எனக்கு ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்க வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மேட்டுக்கு ஓடி, பள்ளங்களில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி, எழுத்து எழுத்தாகப் படித்துத் 'தாமஸ்' என்று கண்டுபிடித்தேன். வயது இருபது என்பதும் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு சொற்கள் இருந்தன. படிக்க முடிந்தது, பொருள் தெரியவில்லை. அம்மாவுக்கு அந்த வயதே போதுமானதாக இருந்தது. "இருபதா? மீசைகூட சரியா மொளச்சிருக்காது" என்று அந்தக் கல்லைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

அடுத்த வருடம் எங்கள் ஊர் நிலம் இரண்டாவது முறையாக எடுக்கப்பட்டது. இந்த முறை சண்டைக்காக இல்லை, தொழிற்சாலைகளுக்காக. பென்னலூர்ப் பக்கமும் தண்டலம் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தது, ஒருநாள் எங்கள் ஏரிக்கரையில் கல் நடுகிற ஆட்களாக வந்து நின்றது. கேம்புப் பொட்டல் முழுவதும் அதில் அடக்கம். மேட்டைச் சமப்படுத்துவதற்கு முன்னால் சிப்பாய்களைத் தோண்டி எடுத்து, பட்டணத்தில் இருக்கிற பட்டாளத்துக்காரர்களின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மாசி மாதம், அறுப்பு முடிந்திருந்த சமயம், மேட்டில் ஒரு துணிக் கூடாரம் முளைத்தது. மரப்பெட்டிகள் வந்து இறங்கின.

அன்று சாயங்காலம் அப்பா, "நம்ம புள்ளயயும் எடுத்துடலாம். ஏரிக்கரை சுடுகாட்டுல நம்ம ஆளுங்க பக்கத்துல எடம் வுடறோம்னு சொல்லிட்டாங்க" என்றார். நல்ல சேதி கொண்டுவந்த முகம்தான் அவருக்கு.

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அங்க வெச்சா நான் எப்டி பாக்கறது?"

"பாத்து இன்னா ஆவப் போவுது? இத்தினி வருசத்துல மண்ணோட மண்ணா போயிருக்கும்."

"ஒனக்கு ஆவ வேணாம். எனக்கு ஆவணும்."

அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஒங்கம்மாவ மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு" என்பார், அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே. இரண்டு பேருக்கும் நடுவில் நான் சேதி சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

மேற்கிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார்கள். பொறுப்பாளராக வந்திருந்தவரை ஜேம்ஸ் சார் என்று கூப்பிட்டார்கள். பட்டணத்துக்காரர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குழிக்கு மேலேயே நிற்பார். குழந்தைகள் நாங்கள் கிட்டே போனால் விரட்டுவார். அம்மாவை மட்டும் விரட்டவில்லை. கிழக்கு ஓரத்துக்கு வர இன்னும் கொஞ்சமே பாக்கி இருந்தபோது அம்மா என்னை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எல்லாரையும் எடுத்துக்கினு போங்க. இந்த வெள்ளக் கல்லுத் தம்பிய மட்டும் வுட்டுடுங்க."

அவருக்குப் புரியவில்லை. அம்மா நொச்சிச் செடியைக் காட்டினாள். மழை, ஏரி, இழுப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். எந்தத் தயக்கமும் இல்லாமல், பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படி ஒருத்தர மட்டும் விட முடியாதும்மா. நாளைக்கு இங்க பில்டிங் வந்துடும். அதுக்கப்புறம் இவரத் தேடி யாராவது வந்தா நாங்க எதைக் காட்டுவோம்?"

"தேடிக்கினு வருவாங்களா?"

"தெரியாதும்மா." குனிந்து அந்தக் கல்லைப் படித்தார். எனக்குப் பொருள் தெரியாமல் நின்றுபோன இரண்டு சொல்லையும் விரலால் தொட்டார். "எங்க கடைக்குட்டின்னு போட்டிருக்கு. இவங்க வீட்லேர்ந்து சொல்லி எழுத வெச்சது."

அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கம்மா இங்க வந்தாங்களா சார்?"

"கடல் தாண்டி வரணுமே. வந்திருக்க மாட்டாங்க."

"கடசி வரைக்கும் பாக்கவே இல்லியா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கல்லைத் தடவிக்கொண்டே, "அப்பன்னா எடுத்துக்கினு போங்க" என்றாள். "ஆனா இவனயும் சேத்து இட்டுக்கினு போங்க. அங்க பொம்பளைங்க போலாம் இல்ல?"

"யார் வேணாலும் போலாம். ஆனா அது பட்டாளத்து ஆளுங்களுக்கு மட்டும் உள்ள எடம்மா. கொழந்தைக்குப் பெட்டி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. குடுக்கறேன்னு சொல்லி ஒங்கள ஏமாத்தவும் மாட்டேன்."

மறுநாள் வெள்ளைக் கல்லைப் பெயர்த்துவிட்டுத் தாமஸின் குழியைத் திறந்தார்கள். அம்மா போனாள், நானும் போனேன். வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தவற்றில் எனக்கு அடையாளம் தெரிந்தது சட்டைப் பித்தான்களும் துரு ஏறிய ஒரு பெல்ட் கொக்கியும் மட்டும்தான். அம்மா தன் கையில் இருந்த பூவைத் துணியின்மேல் வைத்தாள். பெட்டியை மூடினார்கள். அப்போதுதான் ஓடுபாதைப் பக்கத்திலிருந்து அப்பா வருவதைப் பார்த்தேன். தோளில் மண்வெட்டி. கையில் மடிப்புக் கலையாத ஒரு புதுத் துண்டு.

கூலிக்காரர் ஒருவர் உதவிக்கு நொச்சியடியில் கடப்பாறையைப் போடப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் தோண்டன குழி. நானே எடுக்கறேன்."

மண்டி போட்டு, பாதிக்குமேல் வெறுங்கையாலேயே எடுத்தார். எலும்பு என்று ஒன்றும் இல்லை. ஒரு கை அகலத்துக்கு மண் கொஞ்சம் கறுத்திருந்தது. அதற்குள் திருஷ்டிக்குக் கையில் கட்டியிருந்த கறுப்பு மணிகள் சில. அப்பா அந்த மணிகளைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். அம்மா போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அத்தனை நாள் கழித்து அவரிடம் முதல் வார்த்தை பேசினாள்: "வுடுய்யா. மீதிய நான் அள்றேன்."

கறுத்த மண்ணையும் மணிகளையும் துண்டில் கட்டிக்கொண்டு இருவரும் எழுந்தபோது ஜேம்ஸ் சார் கிட்டே வந்தார். அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி வைப்பார்கள், செடிக்கு ஊர் மண் கொண்டுவந்து போட்டால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை என்றார். தாமஸை எந்த வரிசையில் வைப்பார்கள், எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார்.

பட்டணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் அம்மா மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர், "இன்னாமா மூட்ட, கீழ வை" என்றார். "கீழ வெக்கக் கூடாது" என்றாள் அம்மா. "சாமி பிரசாதமா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, "ஆமா" என்றாள். அவர் நின்றுகொண்டிருந்த ஒருவரை நகரச் சொல்லி அவளுக்குக் காற்று வர வழி பண்ணிக் கொடுத்தார்.

வெட்டிவிட்ட புல்லும் வெள்ளைக் கற்களுமாக அந்தத் தோட்டம் நாங்கள் அதுவரை பார்க்காத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. தாமஸின் இடத்தில் கல் இன்னும் நட்டிருக்கவில்லை. ஈர மண்ணும் ஒரு சின்ன ரோஜாச் செடியும் இருந்தன. அப்பா செடியைச் சுற்றிக் குழி பறித்தார். அம்மா துண்டை அவிழ்த்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள், மணிகளையும் சேர்த்து. தோட்டக்காரர் குழாயோடு வந்து, "இன்னாது, எருவா?" என்றார். "ஊரு மண்ணு" என்றாள். அவர் அதன்மேல் தண்ணீர் விட்டார். அம்மா பழக்க தோஷத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "புல்லு மேல ஒக்காராதீங்கம்மா" என்று அவர் சொன்னதும் எழுந்து நடைபாதையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இனி மேட்டுச் சாயங்காலங்கள் கிடையாது என்று. பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா கால் நீட்ட இடம் போய்விட்டது.

வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்தாள். பிறகு அவளுக்கும் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை கிடைத்தது, ஷிப்டு, ஓ.டி. என்று அவள் வாயிலும் வார்த்தைகள் மாறின. நானும் படிப்பை முடித்து ஒரு தொழிற்சாலை 'லைனில்' வேலைக்கு நின்றேன், கல்யாணம் செய்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்தும், அவள் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். உட்கார்ந்து பேசலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்த வருடங்கள் அப்படியே போயின. சில வருடங்களுக்கு முன்னால், நல்ல வெயில் நாள் ஒன்றில், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குழாயடி வரைக்கும் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். திரும்பி வந்தேன்.

சோல்ஜர் மேடு இருந்த இடம் இப்போது ஒரு தொழிற்சாலையின் சுவருக்குள் இருக்கிறது. ஏரிக்கரையிலிருந்து பார்த்தால், சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கார்கள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். ஓடுபாதையும் இல்லை, நொச்சிச் செடியும் இல்லை. எங்கள் மாடி அறைகளில் தெற்கத்திப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லோரும் ஷிப்டு பஸ்ஸில் போய் வருகிறவர்கள். போன ஐப்பசியில் அவர்களில் ஜெனிட்டா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

"கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயி அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வாரேன்க்கா. ஒங்க அம்மா எங்க இருக்காவ?"

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். "இல்லக்கா, எங்க வச்சிருக்கீய?" என்றாள். ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினேன்; அங்கே எந்த இடம் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் அப்பாவிடம், "அம்மாவ வெச்ச எடத்தக் காட்டுப்பா" என்றேன். தடி ஊன்றி நடக்கிற மனிதர். பெண்கள் போகக்கூடாது என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். குழாயடியைத் தாண்டும்போது எனக்குத்தான் கால் கூசியது. ஏரிக்கரை இறக்கத்தில் போய் நின்றோம். சாலையை அகலப்படுத்தியபோது சுடுகாட்டில் பாதிக்குமேல் போயிருந்தது எனக்குத் தெரியாது. அவரும் அந்தப் பக்கம் வந்து நாளாயிருக்கும். தடியால் ஒரு இடத்தைக் காட்டினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் போனார். "பனமரத்துக்கு இந்தாண்ட... பனமரத்தையே காணமே..." என்றார். சாலை விளிம்பு வரைக்கும் போய், தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலை ஷிப்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அவ அன்னிக்கே கேட்டா" என்றார், என்னைப் பார்க்காமல். "இங்க வெச்சா எப்டி பாக்கறதுன்னு."

நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தானையில் முடிந்து வந்திருந்த பூச்சரத்தை அவிழ்த்து அவரிடமே கொடுத்தேன். கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, குனிய முடியாததால், சாலையோரத்துச் செம்மண்ணில் மெதுவாக விட்டார்.